சந்திரனுக்குப் போகுமுன் படித்த பாடம்!

விமானப் புலிகள், ஹெலிகாப்டர் மாணவர்கள் ஆனார்கள்

ஆகாய விமானம் ஓட்டுவதில் அவர் புலி. ஆயிரக்கணக்கான மணி நேரம் வானத்தில் பறந்தவர். போர்முனைக்குப் போய் வந்தவர்.

அப்படிப்பட்டவரை ஒரு சின்ன ஹெலிகாப்டரில் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

ஹெலிகாப்டர் தள்ளாடும். முன்னே ஓடும். பின்னே வரும். பக்கவாட்டில் சாயும். அருகில் இருக்கும் ஆசிரியர் பிடித்துக் கொள்ளாவிட்டால், தரையில் மோதும்!

விமானம் ஓட்டத் தெரிந்தால் மட்டும் ஹெலிகாப்டர் ஓட்டிவிட முடியாது. அதைத் தனியாகப் படிக்க வேண்டும். அதற்கு லைசென்சும் தனி.

சந்திரனில் முதன் முதலில் கால் வைத்த ஆம்ஸ்டிராங்கும் இந்தப் பாடத்தைப் படித்தவர்தான்.

சந்திரனில் காற்றே கிடையாது. அங்கே ஹெலிகாப்டர் பறக்காது. பிறகு எதற்கு அவருக்கு அந்தப் படிப்பு?

பார்ப்போம்.

வேகமே உயிர்

ஆகாய விமானத்துக்கு வேகமே உயிர். அது முன்னோக்கி ஓடினால்தான், இறக்கைகளில் காற்றுப் பட்டு மேலே நிற்கும். வேகம் குறைந்தால் கீழே விழும். "வேகத்தை விடாதே" என்பதுதான் விமானிக்கு முதல் பாடம்.

ஹெலிகாப்டர் அப்படி அல்ல. அதன் தலைக்கு மேலே விசிறி சுற்றுகிறது. அந்த விசிறிதான் அதற்கு இறக்கை. இறக்கையே சுற்றுவதால், உடல் ஓட வேண்டியது இல்லை. வானத்தில் அப்படியே நிற்கலாம். பின்னால் போகலாம். நேராகக் கீழே இறங்கலாம்.

நிற்பதுதான் அதன் பெருமை. நிறுத்துவதுதான் கஷ்டம்!

இரண்டு கை, இரண்டு கால்

ஹெலிகாப்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் வேலை உண்டு.

இடது கையில் ஒரு பிடி. அதை மேலே தூக்கினால் ஹெலிகாப்டர் எழும்பும். தாழ்த்தினால் இறங்கும். சிறிய ஹெலிகாப்டர்களில், மோட்டார் சைக்கிளில் முறுக்குவது போல, அந்தப் பிடியை முறுக்கி என்ஜின் வேகத்தையும் கூட்டலாம்.

வலது கையில் இன்னொரு பிடி. அதை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ, அந்தப் பக்கம் விசிறி சாயும். ஹெலிகாப்டரும் அந்தப் பக்கம் போகும்.

மேலே விசிறி ஒரு பக்கம் சுற்றினால், கீழே உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு சின்ன விசிறி. அதைக் கட்டுப்படுத்துவது கால் பெடல்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒன்றைத் தொட்டால் மற்றவையும் மாறும். இடது கையைத் தூக்கினால் மூக்கு திரும்பும். உடனே காலை அழுத்த வேண்டும். காலை அழுத்தினால் உடல் நகரும். உடனே வலது கையைச் சரி செய்ய வேண்டும்.

உள்ளங்கையில் ஒரு குச்சியை நட்டு, அது விழாமல் நிறுத்திப் பாருங்கள். ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்துவதும் அப்படித்தான். கையை வேகமாக அசைத்தால் போச்சு. அசைத்தும் அசைக்காமலும் இருக்க வேண்டும்.

பழைய பழக்கமே பகை

புதிதாகப் படிப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் பழைய விமானிக்கு வேறு ஒன்று தெரியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

விமானத்தில் அபாய மணி அடித்தால், கைப்பிடியை முன்னே தள்ளவேண்டும் என்று அவர் பழகி இருக்கிறார். மூக்கு தாழும், வேகம் கூடும், விமானம் பிழைக்கும். பல வருடப் பழக்கம். யோசிக்காமலே கை போய்விடும்.

ஆனால் இரண்டு இறக்கை விசிறி உள்ள சிறிய ஹெலிகாப்டரில் அப்படிச் சட்டென்று முன்னே தள்ளினால், விசிறியின் தண்டே முறிந்து போகலாம்.

ஹெலிகாப்டரில் என்ஜின் நின்றுவிட்டால் முதலில் செய்ய வேண்டியது, இடது கையைத் தாழ்த்துவது. அதுவும் ஓரிரு விநாடிக்குள்! அப்போது கீழிருந்து வரும் காற்றில் விசிறி தானாகச் சுற்றும். தரை நெருங்கும்போது இடது கையைத் தூக்கி, மெதுவாக இறங்கிவிடலாம்.

சிறிய ஹெலிகாப்டர்கள் தயாரிக்கும் அமெரிக்காவின் ராபின்சன் கம்பெனி, இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டு இருக்கிறது. விமானத்தில் அதிக அனுபவமும், ஹெலிகாப்டரில் கொஞ்ச அனுபவமும் உள்ளவர்கள் உயிர் இழந்த விபத்துகள் பல உண்டு என்று அது சொல்கிறது.

சந்திரனுக்கு ஏன்?

இப்போது ஆம்ஸ்டிராங்கிடம் வருவோம்.

அவர் 16-வது பிறந்த நாளிலேயே மாணவ விமானி லைசென்சு வாங்கியவர். கொரியப் போரில் 78 முறை பறந்தவர். எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தை 7 தடவை ஓட்டியவர்.

ஆனால் சந்திரனில் ஓடுபாதை கிடையாது. காற்றும் இல்லை, இறக்கைக்கு வேலை இல்லை. கீழ்நோக்கி நெருப்பைக் கக்கும் என்ஜின்தான் கலத்தைத் தாங்கும். கலத்தைச் சாய்த்தால், சாய்த்த பக்கம் நகரும். பிறகு நேராகக் கீழே இறங்க வேண்டும்.

இது ஹெலிகாப்டர் செய்கிற வேலை அல்லவா? ஆகவே, சந்திரனில் இறங்க வேண்டிய ஜெட் விமானிகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள்.

அது மட்டும் போதவில்லை. சந்திரனின் இழுப்புச் சக்தி, பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்குதான். அதற்காக ஒரு விசித்திர எந்திரம் செய்தார்கள். அதன் எடையில் ஆறில் ஐந்து பங்கை ஒரு ஜெட் என்ஜின் தாங்கிக் கொள்ளும். பார்ப்பதற்குக் கட்டில் பறப்பது போல இருந்ததால், "பறக்கும் கட்டில்" என்றே அதற்குப் பெயர். ஹெலிகாப்டர் படித்த பிறகுதான் அதில் ஏறவிடுவார்கள்.

1968-ம் ஆண்டு மே 6-ந் தேதி அந்தக் கட்டில் ஆம்ஸ்டிராங்கின் பிடியில் இருந்து நழுவியது. சுமார் 200 அடி உயரத்தில் அவர் இருக்கையோடு வெளியே பாய்ந்து, பாராசூட்டில் இறங்கினார். எந்திரம் விழுந்து எரிந்தது. அவர் அன்றே அலுவலகத்துக்குப் போய் வேலையைப் பார்த்தார்!

1969-ம் ஆண்டு ஜூலை 20. கலம் சந்திரனை நெருங்கியது. கம்ப்யூட்டர் கொண்டு போன இடத்தில், மோட்டார் கார் அளவுப் பாறைகள்! ஆம்ஸ்டிராங் கலத்தைத் தம் கைக்கு எடுத்துக் கொண்டார். ஹெலிகாப்டரை ஓட்டுவது போல, பாறைகளைத் தாண்டி, சமமான இடம் பார்த்து இறக்கினார். அப்போது மிச்சம் இருந்தது, ஒரு நிமிடத்துக்கும் குறைவான எரிபொருள்.

கண்ணாடி போன்ற தண்ணீர்

யூஜின் செர்னன் கதை வேறு. அவர் கடற்படை ஜெட் விமானி. 1969-ம் ஆண்டு மே மாதமே, சந்திரனுக்கு மேலே சுமார் 15 கிலோ மீட்டர் வரை இறங்கிப் பார்த்துத் திரும்பியவர்.

1971-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி, புளோரிடாவில் ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகிக் கொண்டிருந்தார். கீழே நீர்ப்பரப்பு. தாழ்வாகப் பறந்து கொஞ்சம் வேடிக்கை காட்டலாம் என்று ஆசை.

தண்ணீர் அலை இல்லாமல் கண்ணாடி போல இருந்தது. உயரம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஹெலிகாப்டர் தண்ணீரில் மோதி நொறுங்கியது. பெட்ரோல் பரவி, தண்ணீரின் மேலே நெருப்பு! செர்னன் மூழ்கி நீந்தி உயிர் தப்பினார்.

மேலதிகாரி டீக் சிலேட்டன் அவரிடம் விசாரித்தார். "என்ஜின் நின்றுவிட்டது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவர் வழிவிட்டதாகச் செர்னன் பிற்காலத்தில் எழுதினார். ஆனால் செர்னன் பொய் சொல்லவில்லை. தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டார்.

அவர் வேலை போயிற்றா? இல்லை!

1972-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி, அப்பல்லோ-17 கலத்தைச் சந்திரனில் இறக்கியவர் அதே செர்னன்தான். அப்பல்லோ பயணங்களில் கடைசிப் பயணம் அது.

நன்றாகத் தெரிந்த தொழிலை விட்டு, பக்கத்துத் தொழிலுக்குப் போகிறவர்கள் உண்டு. கையும் காலும் பழைய வழக்கத்துக்கே ஓடும். "எனக்குத் தெரியும்" என்ற எண்ணத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மாணவனாக உட்கார்ந்தால் பிழைக்கலாம்.

அப்படி உட்கார்ந்தவர்கள் சந்திரனுக்கே போய் வந்தார்கள்!