செய்திப் படமும் பரிசும் பயிற்சியும்

நாளிதழை விரித்ததும் நம் கண் முதலில் எழுத்தின்மீது செல்வதில்லை. படத்தின்மீதே சென்று விழுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கூட, பேரப்பிள்ளை செய்தியை வாசிக்கத் தொடங்குமுன் படத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, எந்த ஊரிலப்பா வெள்ளம்?” என்று கேட்டுவிடுவர். இத்தகைய படங்களை எடுப்போர் எங்ஙனம் பயில்கின்றனர், அவர்களுள் சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டிகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை மாணவமணிகளும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நலம்.

செய்திப் படங்களுக்கென நடைபெறும் போட்டிகளுள் பெயர் பெற்றது ‘வேர்ல்ட் பிரஸ் போட்டோ’ என்பதாகும். நெதர்லாந்து நாட்டுப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள், 1955 ஆம் ஆண்டில் உலகத்தார் அனைவருக்குமாக இதனைத் தொடங்கினர். முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 42 பேர் மட்டுமே படம் அனுப்பினர். முதற்பரிசு பெற்ற படம் போரையோ தலைவர்களையோ காட்டவில்லை. டென்மார்க்கில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வீரர் ஒருவர் தம் வண்டியிலிருந்து தலைகுப்புற விழும் காட்சி அது! எடுத்தவர் மோகன்ஸ் வான் ஹேவன். கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்து முடிவதைக் கேமரா எவ்வாறு பிடித்தது என்று மாணவர்கள் கேட்கலாம். கேமராவின் கதவு, விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடினால், ஓடுவதும் விழுவதும் உறைந்தாற்போல் படத்தில் நின்றுவிடும். முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தாலோ, ஓடுகிற பிள்ளை வெறும் புகைக்கோடாகிவிடுவான்.

அன்று சில நூறு படங்கள் வந்த அப்போட்டிக்கு, அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ அறுபதாயிரம் படங்கள் வருகின்றன. அமெரிக்காவின் புலிட்சர் பரிசு 1942 முதல் புகைப்படத்துக்கும் வழங்கப்பட்டு வருகிறது. நம் நாட்டிலும் மலேசியப் பத்திரிகைக் கழகம் வழங்கும் விருதுகளில் செய்திப் படத்துக்கென ஒரு பிரிவு உண்டு.

தமிழர்களாகிய நாம் மறக்கவியலாத ஒரு பரிசுப் படத்தை இங்குக் கூறியாக வேண்டும். 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை எழுந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நம் மலேசியாவிலும் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நம் கெத்தில் ஆறு மூடா ஆற்றில் கலக்குமிடமே கோலா கெத்தில் என்பதை அறிவோம். அந்த மூடா ஆறு கடலைச் சேருமிடத்தில் உள்ள கோத்தா கோலா மூடா என்னும் மீனவச் சிற்றூரையும் அவ்வலை தாக்கியது. அங்கே உடைந்த படகுகளை இன்றும் நினைவுச் சின்னமாக வைத்திருக்கின்றனர். பெற்றோர்கள் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டலாம்.

பேரலைக்கு இரண்டு நாள் கழித்துக் கடலூர்க் கடற்கரையில், ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா ஒரு படம் எடுத்தார். ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து, இரு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்து அழுகிறாள். இறந்துபோன உறவினரின் முகம் படத்தில் இல்லை. படத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது. 2004 ஆம் ஆண்டின் சிறந்த உலகச் செய்திப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இதுவே. எத்தனையோ பிணங்கள் கிடந்த கரையில், அவற்றையெல்லாம் காட்டாமல், ஒரு கையையும் ஒரு பெண்ணின் விரிந்த உள்ளங்கைகளையும் காட்டினாரே, அதில்தான் அக்கலைஞரின் தேர்ச்சி விளங்குகிறது என்பது எம் கருத்து.

ஆயினும் ஒரு வினா எழாமல் இல்லை. துயருறும் ஒருவரைப் படமெடுப்பது தகுமா? அவருக்கு அதனால் நன்மை உண்டா? இதே ஆர்கோ தத்தா 2002 ஆம் ஆண்டு குசராத்துக் கலவரத்தின்போது, கைகூப்பிக் கண்ணீருடன் உயிர்ப்பிச்சை கேட்ட தையற்காரர் ஒருவரைப் படமெடுத்தார். அப்படம் கலவரத்தின் கொடுமையை உலகறியச் செய்தது. ஆனால், அந்தத் தையற்காரரை எங்கு சென்றாலும் மக்கள் அடையாளம் கண்டுகொண்டனர். அவர் வேலைகளை இழந்தார். ஊர்விட்டு ஊர் மாறினார். படம் நாட்டுக்குச் செய்த நன்மையும் அம்மனிதருக்குச் செய்த துன்பமும் ஒரே தாளில் அச்சாகியிருந்தன. இவ்வினாவுக்கு எளிய விடை இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

பரிசு என்று வந்துவிட்டால் பொய்யும் உடன் வரப் பார்க்கும். ஆதலின் போட்டிக்காரர்கள் கண்டிப்பாக இருக்கின்றனர். 2010 ஆம் ஆண்டில் பரிசு பெற்ற படமொன்றில், பின்னால் நின்றவரின் பாதத்தில் ஒரு சிறு பகுதி அழிக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான்! பரிசு பறிக்கப்பட்டது. 2015 இல் இத்தாலியர் ஒருவர், பெல்ஜியத்தின் ஓர் ஊரைப் பற்றிய படத்தொடருக்குப் பரிசு பெற்றார். அவற்றுள் ஒரு படம் அவ்வூரில் எடுக்கப்படவே இல்லை என்று தெரியவந்ததும் அதனையும் இழந்தார். படத்தில் குறையில்லை, படத்தின் கீழ் எழுதிய ஊர்ப்பெயரே பொய். இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களின் மூலக்கோப்புகளை வாங்கி, ஏதேனும் சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். கணினியின் செயற்கை நுண்ணறிவு தானே வரைந்து தரும் படங்களுக்கு அங்கு இடமே இல்லை.

இனிப் பயிற்சியைப் பற்றிச் சில சொல்வோம். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1994 முதல், இளம் புகைப்படக்காரர்களைத் தேர்ந்தெடுத்து மூத்த கலைஞர்களிடம் பயில வைத்தனர். ஆர்கோ தத்தாவும் பின்னாளில் மும்பையில் ‘உடான்’ என்னும் புகைப்படப் பள்ளியைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். தமிழ்நாட்டில் விகடன் நிறுவனம் கல்லூரி மாணவர்களுக்கு நிருபர் பயிற்சியோடு புகைப்படப் பயிற்சியும் அளித்து வந்துள்ளது.

இவை அனைத்தினும் நம் உள்ளத்தைத் தொடுவது மதுரையைச் சேர்ந்த பழனிக்குமார் என்பாரின் வரலாறு. இவருடைய தாயார் மீன் விற்றுக் குடும்பம் காத்தவர். பொறியியல் படித்த மகன் கேமராவைக் கையிலெடுத்தார். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கக்கூஸ்’ என்னும் ஆவணப்படத்துக்கு (2017) ஒளிப்பதிவு செய்தார். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் இராமநாதபுரத்துப் பெண்களைப் படமெடுத்தார். தெருவிளக்கின்கீழ் மீன் விற்கும் தம் தாயையும் படமெடுத்தார். ஊரக மக்களின் வாழ்வைப் பதிவுசெய்யும் ‘பாரி’ காப்பகத்தில் பணியாற்றும் இவர், 2022 ஆம் ஆண்டில் தயாநிதா சிங் பெயரால் வழங்கப்படும் ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். விருதோடு நின்றுவிடாமல், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துப் படமெடுக்கக் கற்றுத் தருகிறார். அப்பிள்ளைகள் எடுத்த படங்கள் கண்காட்சிகளில் வைக்கப்பட்டுள்ளன. வெளியூர்க்காரர் வந்து எடுத்தால் மீன்காரியும் குப்பை அள்ளுபவரும் ‘பாவப்பட்டவர்’ ஆகிவிடுவர். மகன் எடுத்தால் அவர் அம்மாவாகவே இருப்பார்.

இதனை நம் தோட்டப்புறத்தோடு பொருத்திப் பாருங்கள். பால்மரக் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. லயங்கள் பல இடிந்தும் இடிக்கப்பட்டும் போயின. தலைவிளக்கு ஏந்தி இருட்டில் மரம் வெட்டிய தாயாரின் படம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? திருமணப் படம் இருக்கும். திருவிழாப் படம் இருக்கும். வேலைக்காட்டுப் படம் இருக்காது. அது படமெடுக்கத் தக்க ஒன்று என்று எவரும் எண்ணவில்லை.

இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. ஆகவே பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஒருவரை நிறுத்தினால் முகம் கருத்துப்போகும். அவரைச் சற்றே திரும்பச் சொல்லுங்கள். நெருங்கிச் செல்லுங்கள், முகத்தோடு கையையும் எடுங்கள், கைதான் வேலையைச் சொல்லும். “சிரியுங்கள்” என்று சொல்லாமல், அவர் வேலையில் மூழ்கும்வரை காத்திருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னர், “எடுக்கலாமா, அத்தை?” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள்.

படத்தின்கீழ் எழுதுவதைச் செய்தித்தாள்காரர்கள் படத்துக்கு இணையாக மதிக்கின்றனர். யார், என்ன, எங்கே, எப்போது என்னும் நான்கும் அதில் இருக்க வேண்டும். பழைய பள்ளி மலர்களில் ‘இடமிருந்து வலமாக நிற்போர்’ என்று பெயர்களை வரிசையாக அச்சிட்டிருப்பதைக் கண்டு சிலர் சிரிப்பதுண்டு. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து அப்படத்தைப் பார்க்கும் பேரன், தாத்தாவை அவ்வரியைக் கொண்டே கண்டுபிடிக்கிறான். வீட்டில் அச்சிட்ட பழைய படங்கள் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். பேனா மை ஊறி முன்பக்கத்தில் கறையாகலாம். கைப்பேசிப் படமாயின் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: ‘காலை ஏழு மணி. மங்கில் பால் எடுப்பவர் என் அம்மா. படம் எடுத்தது நான், ஐந்தாம் ஆண்டு மாணவி.’