காப்பீடு உண்டு, கூரை எங்கே?

தமிழகத்தில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் முதன்முதலாகக் காலூன்றிய நகரம் சென்னை அன்று, நம் கோவையே. 1948-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய அத்திட்டம், 1955 ஜனவரி 23-இல் இங்கு வந்தது. பஞ்சாலைகளின் நகரமாயிற்றே, வேறெங்கு வரும்! சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையை அறியாத ஆலைக் குடும்பம் இங்கு அரிது.

ஆயினும், அதை மருந்துச் சீட்டாக மட்டுமே நம்மில் பலர் அறிவர். பவுண்டரியிலோ பவர் பிரஸ்ஸிலோ விரலை இழந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். வேலை செய்ய இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் சுமார் 90 சதவீதம் அவருக்குக் கிடைக்கும். நிலையான ஊனம் ஏற்பட்டால், மருத்துவக் குழு மதிப்பிடும் அளவுக்கேற்ப உதவித்தொகை உண்டு. வேறு தொழில் கற்றுக்கொள்ளப் பயிற்சிக்கால உதவியும் உண்டு. இந்த இறுதி உதவியைக் கேட்டுப் பெறுவோர் சிலரே என்பது என் எண்ணம். அப்படியொன்று இருப்பதை எடுத்துச் சொல்வார் இல்லை.

ஆலையே மூடப்பட்டால்? அதற்கும் 2005 ஏப்ரல் முதல் ராஜீவ் காந்தி பெயரில் ஒரு திட்டம் ஏற்பட்டது. வேலையிழந்தவருக்கு முதல் ஓராண்டு பாதி ஊதியமும், அடுத்த ஓராண்டு கால் பங்கும் வழங்குவது அதன் ஏற்பாடு. 2018 ஜூலையில் தொடங்கிய அடல் திட்டம் அதிகபட்சம் 90 நாட்களுக்கு உதவுவது. அது காலக்கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வருவதால், கிளை அலுவலகத்தில் கேட்டறிவதே நன்று. 2020 பொதுமுடக்கத்தில் கோவையின் என்.டி.சி. ஆலைகளில் இயந்திரங்கள் நின்றபோது, இத்தகைய ஏற்பாடுகளின் அருமையும் போதாமையும் ஒருங்கே வெளிப்பட்டன.

போதாமை எங்கே? வீட்டில்தான். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்கிறார், எங்கே ஓய்வெடுப்பது? ஆலை விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணும், பட்டறையின் பின்கட்டு அறையில் பாய் விரித்துப் படுக்கும் ஒடிசா இளைஞனும் வேலையோடு இருப்பிடத்தையும் இழக்கிறார்கள். வளவு வீட்டில் குடியிருப்பவரோ, பாதி ஊதியத்தில் முழு வாடகை கட்ட வேண்டும். ஈட்டுறுதித் திட்டம் ஊதியத்தைக் கணக்கிடுகிறது, வாடகையைக் கணக்கிடுவதில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அறுவைச் சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வேறு வாரியம், வேலைக்கு வேறு அலுவலகம். முறிந்த காலோடு மூன்று வாயில்களுக்கும் அலைய யாரால் முடியும்?

நம் பங்குகளில் தொழிலாளரும் உள்ளனர்; சிறு பட்டறை நடத்துவோரும் உள்ளனர். பட்டறைக்காரருக்கு ஒரு சொல். ஆள் பத்தாகிவிட்டால் பதிவு செய்தாக வேண்டும். 2019 ஜூலை முதல் நீங்கள் செலுத்த வேண்டியது ஊதியத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி செலுத்துவது 0.75 சதவீதம். விபத்து நேர்ந்தால் உடனே ஏட்டில் எழுதி, அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புங்கள். அந்த ஒரு தாள் இல்லையென்றால், விரல் வேலையில்தான் போனது என்பதை மெய்ப்பிக்க அந்த மனிதர் மாதக்கணக்கில் அலைய நேரும்.