அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வாங்கும் வீடு

தோட்டத்து வீட்டில் முப்பது வருடம் குடியிருந்தாலும் அது நம் வீடு ஆகிவிடாது. வேலை இருக்கிற வரைக்கும்தான் அந்த வீடு. 2013 ஜூலை முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, 60 வயதுக்கு முன் வயதைக் காட்டி யாரையும் ஓய்வில் அனுப்ப முடியாது. அதற்குப் பிறகு ஆபீசில் சாவியைக் கொடுக்கும் நாள் வந்தே தீரும்.

"பையன் டவுன்ல வேலை செய்றான், அவனோட சேர்ந்து தாமான்ல ஒரு வீடு பார்க்கலாம்" என்று சொல்லும் குடும்பங்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். நல்ல யோசனைதான். ஆனால் அதை 58 வயதில் ஆரம்பிக்கக் கூடாது. வங்கிகள் பெரும்பாலும் 70 வயது வரையில்தான் கடன் தவணை கொடுக்கின்றன. தவணை குறைந்தால் மாதக் கட்டு ஏறும். பிள்ளையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இருவர் சம்பளத்தையும் வங்கி கணக்கில் எடுக்கும். தவணைக்கு யாருடைய வயதைப் பார்க்கிறார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஊழியர் சேமநிதி. முன்பு இரண்டாம் கணக்கு என்று இருந்தது, 2024 மே மாதத்திலிருந்து செஜாத்ரா கணக்கு. அதில் குறைந்தது 500 வெள்ளி இருந்தால் வீடு வாங்க எடுக்கலாம். பெற்றோரும் பிள்ளையும் கூட்டாக வாங்கினால் இருவருமே மனுச் செய்யலாம். வீட்டு விலைக்கும் வங்கிக் கடனுக்கும் உள்ள வித்தியாசம், அதோடு விலையில் 10 விழுக்காடு, இதுதான் உச்சவரம்பு. உதாரணமாக, வீடு 80,000 வெள்ளி, கடன் 72,000 வெள்ளி என்றால், 8,000-மும் 8,000-மும் சேர்த்து 16,000 வெள்ளி. கணக்கில் அதைவிடக் குறைவாக இருந்தால் இருப்பது மட்டுமே கிடைக்கும். ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். வாங்கும் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத அப்பா, "காசு நான்தான் போட்டேன்" என்று பின்னால் சொல்லிப் பயனில்லை. இரண்டு பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பிள்ளையின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். முதல் வீடு வாங்குகிறவருக்கு முத்திரை வரி விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அப்பாவோடு சேர்ந்து பெயர் போட்டுவிட்டால், நாளைக்குக் கல்யாணமாகித் தனியாக வீடு வாங்கும்போது அவன் 'முதல் வீடு' வாங்குகிறவன் ஆகமாட்டான். அப்பாவின் சம்பளம் நின்ற பிறகு முழுத் தவணையும் அவன் தலையில்தான். இதையெல்லாம் மகனுக்கோ மகளுக்கோ மறைக்காமல் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று. அப்பா இறந்தால் அவருடைய பாகம் தானாகக் கூட்டாளிப் பிள்ளைக்குப் போய்விடாது. உயில் இல்லையென்றால், தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பேசும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லாத நிலையில், மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம். மீதி இரண்டு பாகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக. கடன் கட்டிய பிள்ளையும் கட்டாத பிள்ளையும் ஒன்றுதான். அண்ணன் தம்பி கோர்ட்டு ஏறுவது இப்படித்தான்.

ஆகவே 50 வயதைத் தொட்டவர்கள் இந்த மாதமே சேமநிதிக் கணக்கறிக்கையை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். வீடு வாங்கினால் உயிலும் எழுதுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் நம் கையில் இன்னொரு சாவி இருக்கட்டும்.