பிராங்க்பர்ட் என்றொரு துறை

டாக்குரியா லேக்கில் காலை நடைக்கு வரும் நண்பர்கள், "பிராங்க்பர்ட்ல பார்க்க என்ன சார் இருக்கு? வெறும் பேங்க்தானே?" என்று கேட்பதுண்டு. 34 வருஷம் வங்கியில் கணக்கு எழுதிய நானும் அப்படி நினைத்துத்தான் 2019-இல் மகன் வீட்டுக்குப் போனேன்.

ஊர்ப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 'ஃபுர்ட்' என்றால் ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை. பிராங்க் இனத்தார் மைன் நதியைக் கடந்த துறை. நம்ம ஆடுதுறை, மயிலாடுதுறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். துறை இருந்தால் வியாபாரி வருவான். வியாபாரி வந்தால் சந்தை கூடும். 1240-இல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், சந்தைக்கு வருவோருக்குப் பாதுகாப்பு அளித்துச் சாசனம் கொடுத்தார். ஊருக்கு ஊர் நாணயம் வேறு என்பதால் 1585-இல் வியாபாரிகள் கூடி மாற்று விகிதத்தை நிர்ணயித்தார்கள். பங்குச் சந்தைக்கு அதுவே வித்து. இன்று ஐரோப்பிய மத்திய வங்கி இருப்பதும் இங்கேதான்.

அதே சந்தைக்குப் புத்தகமும் வந்தது. குட்டன்பர்க் அச்சுக்கூடம் வைத்த மைன்ஸ் நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. பின்னாளில் லைப்ஸிக் நகரம் முந்திக்கொண்டாலும், 1949-இல் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தை மறுபடி தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் 1976-இல் நம்ம கல்கத்தா புத்தகக் கண்காட்சி பிறந்தது.

மகாகவி கதே 1749-இல் பிறந்த வீடும் அங்கே உண்டு. காளிதாசனின் சாகுந்தலத்தை சர் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலமாக்கி, 1789-இல் கல்கத்தாவில் அச்சிட்டார். அதிலிருந்து 1791-இல் வந்த ஜெர்மன் நூலில் கதே சொக்கிப்போனார். தம் 'ஃபவுஸ்ட்' நாடகத்துக்கு அவர் முன்காட்சி வைத்ததும் அதைப் பார்த்துத்தான் என்பார்கள். ஜோன்ஸ் உறங்குவது நம்ம பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில்!

அந்த வீட்டு மாடிப்படியில் நின்று ஒன்பது வயதுப் பேரன் என்னிடம் ஜெர்மனில் என்னவோ சொன்னான். மகன்தான் தமிழில் சொன்னான்: "இது பழைய வீடு இல்லையாம்ப்பா. குண்டு விழுந்து இடிஞ்சப்புறம் கட்டினதாம்."

உண்மைதான். 22-3-1944 குண்டுவீச்சில் வீடு தரைமட்டமானது. கதே இறந்ததும் மார்ச் 22தான். மறுபடி கட்டக்கூடாது, போனது போகட்டும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் மேஜை, நாற்காலி, படங்களையெல்லாம் முன்கூட்டியே வேறிடத்தில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். பழைய மாதிரியே கட்டி 1951-இல் திறந்தபோது, அவை தத்தம் இடத்துக்கே திரும்பின.

எனக்குச் சுருக்கென்றது. ஊரை விட்டு வந்தவர்கள் நாம். சாமானைப் பத்திரப்படுத்தினோமா? மகன் தமிழ் பேசுவான். எழுதப் படிக்கத் தெரியாது. "பெங்காலியும் இங்கிலீஷும் போதும், எதுக்கு சுமை?" என்று விட்டவன் நான்தான். பேரனுக்குப் பேச்சும் போயிற்று.

கல்கத்தா திரும்பியதும் ஞாயிறுதோறும் கம்ப்யூட்டரில் பேரனுக்கு அ, ஆ தொடங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவன் அப்பனும் கற்றுக்கொண்டான். இப்போது பேரன் தமிழில் கடிதம் எழுதுகிறான். 'ற'வும் 'ர'வும் இடம் மாறித்தான் வருகின்றன. வரட்டுமே! இந்த மலரை அவனுக்கு அனுப்புவேன். முதலில் இந்தப் பக்கத்தைத்தான் எழுத்துக் கூட்டிப் படிப்பான்.