சிமெண்ட் பிடிக்காத இடம்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆறரை அங்குலத் துளை போட்டு, மேல்மண் சரியாதபடி கெட்டிப்பாறை வரை கேசிங் பைப் இறக்குவோம். அதற்குக் கீழே வெறும் பாறைதான். தண்ணீருக்கு அது போதும். எரிவாயுக் கிணற்றுக்கு அது போதாது என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள டிமக் என்ற சிற்றூர் சாட்சி.

அங்கே வாயு அடைபட்டிருக்கும் மார்செல்லஸ் களிப்பாறை ஒன்றரை கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கிறது. வீட்டுக் கிணறுகளோ சில நூறு அடிதான். கேபட் என்ற நிறுவனம் துளையிடத் தொடங்கியபின், 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டின் கிணறு வெடித்தது. மேலே போட்டிருந்த கான்கிரீட் மூடி சிதறியது. தண்ணீரோடு மீத்தேன் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. குடிப்பதைவிட, மூடிய இடத்தில் அது தேங்குவதுதான் ஆபத்து.

தண்ணீர், மணல், ரசாயனம் கலந்து அழுத்தி அடியில் பாறையைப் பிளக்கிறார்களே, அந்த வெடிப்பு வழியாகத்தான் வாயு மேலே வந்தது என்று பலரும் நினைத்தார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவ்வளவு பாறையைத் தாண்டி வருவதைவிட, மனுஷன் போட்ட துளையை ஒட்டியே ஏறி வருவது வாயுவுக்குச் சுலபம்.

எரிவாயுக் கிணற்றில் பைப்புக்குள் பைப்பாக இறக்குவார்கள். சிமெண்ட் குழம்பைப் பைப்புக்குள் அழுத்தினால், அது அடிவரை போய், வெளிப்புறமாக, பைப்புக்கும் பாறைக்கும் நடுவே ஏறி இறுக வேண்டும். பைப் ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ, சேறு ஒழுங்காகக் கழுவப்படாவிட்டாலோ, நீளவாக்கில் ஒரு கோட்டில் சிமெண்ட் பிடிக்காமல் போகும். நடு ஆழத்திலும் சின்னச் சின்ன வாயு அடுக்குகள் உண்டு. அந்தக் கோடு கிடைத்தால் அவற்றின் வாயுவும் ஏறும்.

டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாயுக் கிணறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில், தள்ளியிருந்தவற்றைவிட மீத்தேன் சராசரியாக 17 மடங்கு அதிகம். அங்கே பூமிக்குள் இயற்கையாகவே மீத்தேன் உண்டு என்பது நிறுவனத்தின் வாதம், அது பொய்யுமல்ல. ஆனால் சதுப்பில் ஊறும் வாயுவுக்கும் ஆழத்தில் வெந்த வாயுவுக்கும் கார்பன் அணு வகைகளின் விகிதம் வேறு; அதை வைத்து வாயு எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். 2014இல் பென்சில்வேனியாவிலும் டெக்சாஸிலும் வாயு கசிந்த எட்டு இடங்களை ஆராய்ந்தவர்கள், காரணம் பாறைப் பிளப்பு அல்ல, கேசிங்கும் சிமெண்டும்தான் என்றார்கள். இதனால் பிளக்கும் வேலை சுத்தம் என்று ஆகிவிடாது. திரும்பி வரும் உப்பும் ரசாயனமும் கலந்த நீர் மேலே சிந்தினால் அது தனித் தொல்லை.

டிமக் தண்ணீர் கெட்டதற்காக கேபட் மீது போட்ட வழக்கு 2022 நவம்பர் வரை இழுத்தது. கொட்டெரா என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனம், குற்றச்சாட்டை எதிர்க்காமல், குழாய்த் தண்ணீர்த் திட்டத்துக்கும் 75 வருஷத் தண்ணீர்க் கட்டணத்துக்குமாக 1 கோடியே 62 லட்சத்து 90 ஆயிரம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஊருக்கு அடியில் மறுபடி வாயு எடுக்க மாநில அரசு அதே சமயத்தில் வழிவிட்டது.