ஒலிபெருக்கி வாங்குமுன்

செபமாலைக்கும் பாட்டுக்குமென சிறிய புளூடூத் ஒலிபெருக்கி வாங்க நினைக்கும் குடும்பங்கள் பெட்டியிலுள்ள ‘வாற்ஸ்’ எண்ணையே முதலில் பார்க்கின்றன. 2020இல் வெளிவந்த ஜே.பி.எல். கோ 3, கிளிப் 4 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஒன்று 4.2 வாற்ஸ், மற்றது 5. இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

தெரிவது மின்கலத்தில்தான். கோ 3 சுமார் 5 மணித்தியாலமும் கிளிப் 4 சுமார் 10 மணித்தியாலமும் பாடும். சத்தத்தைக் கூட்டினால் நேரம் குறையும். மின்னேற்றம் செய்யவோ முறையே இரண்டரை மணித்தியாலமும் மூன்று மணித்தியாலமுமே செல்லும். மின்சாரமில்லாத கொட்டிலில் இருந்து, கடையில் காசு கொடுத்து மின்னேற்றுபவருக்கு இது பெரிய காரியம். தினமும் ஒரு மணித்தியாலம் கேட்டால் ஒன்றை ஐந்தாம் நாளும் மற்றதைப் பத்தாம் நாளுமே சுமந்து செல்லவேண்டும். விலை சற்றுக் கூடினாலும் நான் கிளிப்பையே சொல்வேன்.

இரண்டுக்கும் ஐ.பி. 67 தரமுண்டு. தூசி புகாது; ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஆனால் நனைந்தபின் மின்னேற்றும் துவாரம் நன்கு காயாமல் வயரைச் செருகக் கூடாது.

இரண்டிலும் வானொலி இல்லை, மெமரி கார்ட் போட இடமில்லை. குடும்பத்தலைவர் கைத்தொலைபேசியுடன் வயலுக்குப் போய்விட்டால் வீட்டிலுள்ள ஒலிபெருக்கி ஊமைதான். ஒலிவாங்கி பொருத்தவும் வழியில்லை. ஆகவே சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கென்று இவற்றை வாங்கவேண்டாம். வானிலைச் செய்தியே முக்கியமென்றால் உலர்மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி போதும்.

கடையில் உங்கள் கைத்தொலைபேசியையே இணைத்து, பாட்டையல்ல, ஒருவர் பேசுவதைப் போடச் சொல்லுங்கள். பத்து அடி தள்ளி நின்று, சொற்கள் பிரிந்து கேட்கின்றனவா என்று பாருங்கள்.