நிரல் பொது, பெயர் தனியுடைமை

தேஹு ரோட்டில் வசித்து ஹிஞ்சவடியில் பணிபுரியும் இளைஞர்கள், சொந்த மென்பொருள் நிறுவனத்திற்கு நடப்புக் கணக்குத் தொடங்க வரும்போது, யாம் முதலில் வினவுவது பெயரைப் பற்றியே. திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் எடுத்தாளலாம். பெயரோ வணிகக் குறி, அதற்கு உரிமையாளர் உண்டு.

பின்லாந்தின் மைக்கேல் விடேனியஸ், தம் மூத்த மகள் 'மை'யின் பெயரை 'மைஎஸ்க்யூஎல்' தரவுத்தளத்திற்கு இட்டார். (மகன் மேக்ஸின் பெயரிலும் ஒன்று உண்டு.) 2008இல் சன் நிறுவனம் அதனை வாங்கியது, 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. நிரலைத் தனியே வளர்த்தெடுக்க உரிமம் இடமளித்தது. மகளின் பெயரை எடுத்துச் செல்ல இயலவில்லை. ஆகவே புதிய கிளை, இளைய மகள் மரியாவின் பெயரால் 'மரியாடிபி' ஆயிற்று. 2011இல் 'ஹட்சன்' மென்பொருள் 'ஜென்கின்ஸ்' ஆனதும் ஆரக்கிளுடனான பெயருரிமைப் பிணக்கினாலேயே.

பெயர்ப்பலகை எழுதுமுன் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் 9, 42 ஆகிய வகுப்புகளில் தேடிப் பாருங்கள். தேடுவதற்குக் கட்டணமில்லை.